மூன்று பச்சைப் புள்ளிகள்

ஜூலை 30, செவ்வாய்

மேட்டூரில் திறந்த தண்ணீர் இன்று காலை இங்கே வந்து சேர்ந்துவிட்டது. அப்பா அங்கே மதகு ஏற்றி இறக்கும் வேலையில் இருந்தவர். திறக்கிற நாளில் சாப்பிடக்கூட வீட்டுக்கு வரமாட்டார், நான்தான் தூக்குச்சட்டியில் கொண்டுபோய்க் கொடுப்பேன். அவர் மகள் இப்போது அதே தண்ணீரின் வாசனை பிடித்து வரப்போகிற மீனுக்காகக் கொள்ளிடத்தின் கடைக்கோடியில் காத்துக்கிடக்கிறாள். போகட்டும், ஏதோ ஒரு குடும்பத் தொழில்.

மீனின் பெயர் உல்லம். கடலில் வளரும், முட்டை போட மட்டும் ஆற்றில் ஏறும். ஆடியில் புதுத்தண்ணீர் கடலில் விழுந்ததும் அதை எதிர்த்துக்கொண்டு உள்ளே வரும். முன்பெல்லாம் வெகுதூரம் போனதாம். இப்போது அணைக்கரைத் தடுப்போடு சரி. அதற்கும் கீழே, முகத்துவாரத்துக்குப் பக்கத்தில் இன்னொரு தடுப்பணை கட்டப்போகிறார்கள், உப்புத்தண்ணீர் ஊருக்குள் ஏறாமல் இருக்க. வேண்டிய அணைதான், நான் குறை சொல்லவில்லை. ஆனால் மீன் ஏறிப்போக அதில் படிப்படியாக ஒரு வழி வைக்க வேண்டுமா, வேண்டாமா? அதைச் சொல்லத்தான் எங்கள் ஆய்வு நிலையத்தைக் கேட்டிருக்கிறது அணைக் குழு.

கேள்வி ஒன்றே ஒன்று. கொள்ளிடத்து உல்லமும் வடக்கே கோதாவரியில் ஏறுகிற உல்லமும் ஒரே கூட்டமா? ஒன்றுதான் என்றால் வழி தேவையில்லை. இங்கே அழிந்தாலும் அங்கிருந்து குஞ்சு கொண்டுவந்து விட்டுக்கொள்ளலாம். வேறு வேறு என்றால், இங்கே போனது போனதுதான், வழி வைத்தே ஆகவேண்டும். துடுப்பு நுனியில் துளி சதை போதும், மரபணு சொல்லிவிடும். எங்கள் நிலையத் தலைவர் தேவசகாயம் சார் வேலையை என் தலையில் கட்டிவிட்டார். எனக்கும் ஆசைதான், இல்லை என்று சொன்னால் பொய்.

ஆகஸ்ட் 3, சனி. ஆடிப்பெருக்கு

விடிவதற்குள் ஆத்துவாய்க்குப்பம் போய்விட்டேன். கரை முழுக்கப் பெண்கள், மஞ்சள் கயிறும் காதோலையுமாக. நான் ஒருத்திதான் கையில் கத்தரிக்கோலும் குப்பிகளுமாக நின்றேன்.

கரையில் மீனை ஏலம் எடுத்துச் சிதம்பரம் மார்க்கெட்டில் விற்கிறவள் ஒருத்தி உதவிக்குக் கிடைத்தாள். பெயர் அஞ்சலாட்சி. ஐம்பதை நெருங்கும் வயது, அக்கரைக்குக் கேட்கிற குரல். டாக்டர் வந்திருக்கிறார் என்று யாரோ சொன்னதும் புடவையை உயர்த்தி முழங்காலைக் காட்டினாள்.

"நான் அந்த டாக்டர் இல்லம்மா. மீனை ஆராய்ச்சி பண்ற டாக்டர்."

"மீனுக்கு என்னா சீக்கு?"

"ஒரு சீக்கும் இல்ல."

"அப்பறம் எதுக்கு டாக்டரு?" என்று கேட்டுவிட்டு, சுற்றி நின்றவர்களைப் பார்த்துச் சிரித்தாள். நியாயமான கேள்விதான்.

மூன்று உல்லம் விழுந்தது. மூன்றும் நல்ல பருமன், ஆற்றில் ஏற வந்தவை. நானே வாலின் ஓரத்தில் நகத்தளவு வெட்டி ஸ்பிரிட் குப்பியில் போட்டு ஒன்று, இரண்டு, மூன்று என்று எண் எழுதினேன். முதல் மீனில் கத்தரி வைத்ததுமே அஞ்சலாட்சி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மீன்காரிக்கு ரத்தம் ஒத்துக்கொள்ளவில்லை போல! எனக்குச் சிரிப்பு வந்தது. அந்த மூன்றையும் அவள் கூடையில் சேர்க்கவில்லை. பக்கத்து வீட்டுக்காரியைக் கூப்பிட்டுக் குழம்பு வைத்துக்கொள்ளச் சொல்லிக் கொடுத்துவிட்டாள். ஏன் விற்கவில்லை என்று நான் கேட்கவில்லை. எனக்குத் தலைக்குமேல் வேலை.

ஆகஸ்ட் 6, செவ்வாய்

இனி ஒரு மாதத்துக்கு நான் கரைக்கு வரமுடியாது. சென்னையில் வேலை இருக்கிறது. அஞ்சலாட்சிக்கு எல்லாம் சொல்லிக்கொடுத்தேன். ஒரு மீனுக்கு ஒரு குப்பி, வெட்டியதும் கத்தரியைத் துடைக்க வேண்டும், மூடியை இறுக்க வேண்டும். டக்கென்று பிடித்துக்கொண்டாள்.

"எதுக்கு டாக்டரம்மா இது?"

"ஆராய்ச்சிக்கு."

"அதான், என்னா ஆராய்ச்சி?"

"சொன்னா உங்களுக்குப் புரியாதும்மா. உல்லம் வந்தா வெட்டிப் போடுங்க, அவ்வளவுதான்."

"எல்லா உல்லத்துலயுமா?"

"எல்லாத்துலயும்தான்."

பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. அவள் இன்னும் ஏதோ கேட்க வந்தாள். போனில் பேசலாம் என்று சொல்லிவிட்டு ஓடினேன்.

ஆகஸ்ட் 9, வெள்ளி

சென்னை. எனக்கும் முகுந்தனுக்கும் ஒரு பிள்ளை வேண்டி ஊசி ஆரம்பம்.

ஆகஸ்ட் 21, புதன்

அஞ்சலாட்சி போன் பண்ணினாள். குப்பிகள் மளமளவென்று நிறைகிறதாம். அவள் மகள் சிவரஞ்சனிக்குத் தலைச்சூலாம், மூன்று மாதம். அதையும் சேர்த்துக் கத்திச் சொன்னாள். ஆஸ்பத்திரி வராந்தாவில் நான்கு பேர் திரும்பிப் பார்த்தார்கள். வாழ்த்துச் சொன்னேன்.

"நீங்க எங்க இருக்கீங்க டாக்டரம்மா, பின்னால டோக்கன் நம்பர் கூப்புடுறாங்க?"

"பேங்க்ல" என்றேன்.

செப்டம்பர் 2, திங்கள்

இல்லை.

செப்டம்பர் 3, செவ்வாய்

துணி துவைத்தேன். ஃபிரிட்ஜைத் துடைத்தேன். முகுந்தன் லீவு போடட்டுமா என்று கேட்டான். லீவு போட்டு இரண்டு பேரும் என்ன செய்வது? போகச் சொன்னேன்.

செப்டம்பர் 11, புதன்

திரும்பி வந்து குப்பிகளை வாங்கிக்கொண்டேன். எல்லாம் கண்ணாடி மாதிரி சுத்தம், மூடிகள் இறுக்கமாக இருக்கின்றன. முதுகலை படிக்கிற பிள்ளைகள்கூட இவ்வளவு நறுவிசாகச் செய்வதில்லை. மனதாரப் பாராட்டினேன். அவள் முகம் மலர்ந்துவிட்டது.

கிளம்பும்போது வாழை இலையில் சுற்றிய ஒரு மீனைக் கொண்டுவந்து கையில் திணித்தாள். சினை உல்லம், கனம் கையை இழுத்தது.

"ஆத்துல விழுந்தது, இன்னிக்குக் காலையில. சினையோட முழுசா ஆக்கித் தின்னுங்க. வேற யாருக்கும் குடுக்கக் கூடாது. எம் பொண்ணுக்கும் இதான் கொண்டு போனேன்."

"எனக்கு எதுக்கு?"

"சும்மாதான்" என்று சொல்லி என் வயிற்றைப் பார்க்காமல் ஆற்றைப் பார்த்தாள்.

எனக்குச் சுர்ரென்று ஏறியது. இவளிடம் நான் என்ன சொன்னேன்? ஒன்றுமே சொல்லவில்லையே! பார்க்கிறவர்களுக்கெல்லாம் என் முகத்தில் எழுதி ஒட்டியிருக்கிறதா? வாங்கிக்கொண்டு வந்து நிலையத்து வாட்ச்மேனிடம் கொடுத்துவிட்டேன். வீட்டுக்காரிக்குப் போன் போட்டு மிளகாய் அரைக்கச் சொன்னார்.

அக்டோபர் 7, திங்கள்

குப்பிகள் பரிசோதனைக்கு பெங்களூர் போயின. ஹூக்ளியிலிருந்தும் கோதாவரியிலிருந்தும் வந்த மாதிரிகளும் கூடவே. இனி அவர்கள் பாடு. வாட்ச்மேன் கேட்கிறார், "அந்த மாதிரி மீனு இன்னொண்ணு கெடைக்குமா மேடம்? சினையே ஒரு தட்டு நெறைய இருந்திச்சு." இன்றைக்குக் காலையில் முதலில் காதில் விழுந்த பேச்சு இது.

நவம்பர் 14, வியாழன்

முடிவு வந்துவிட்டது. திரையில் ஒவ்வொரு மீனும் ஒரு புள்ளி. ரத்தம் நெருங்க நெருங்கப் புள்ளியும் நெருங்கும். ஹூக்ளி நீலம், கோதாவரி ஆரஞ்சு, கொள்ளிடம் பச்சை. நீலம் தனியாக ஒரு கொத்து. ஆரஞ்சும் பச்சையும் கூட்டாஞ்சோறு மாதிரி கலந்துகிடக்கின்றன. பிரிக்கவே முடியவில்லை.

ஒரே கூட்டம். அவ்வளவுதான்.

மனசு விட்டுப்போயிற்று. இத்தனை நாள் ஆசை ஆசையாக நினைத்திருந்தேன், இந்த ஆற்றுக்கென்று ஒரு மீன் இருக்கும், ஆயிரம் ஆயிரம் வருஷமாக, தான் பிறந்த தண்ணீரைத் தேடித் தேடி வந்து தனியாகவே ஆகியிருக்கும் என்று. என்ன செய்வது, ஆசைப்பட்டால் மரபணு மாறிவிடுமா?

மூன்று பச்சைப் புள்ளிகள் மட்டும் எல்லாவற்றையும் விட்டுவிட்டு மூலையில் தனியாக நிற்கின்றன.

நவம்பர் 22, வெள்ளி

தேவசகாயம் சாரிடம் திரையைக் காட்டினேன். மூக்குக்கண்ணாடியை ஏற்றிப் பார்த்தார்.

"இந்த மூணு என்னம்மா?"

"தெரியல சார். குப்பி கெட்டுப்போயிருக்கலாம்."

"அப்பத் தூக்கிடுங்க. மூணு புள்ளிய வச்சுக்கிட்டு யாருக்குப் பதில் சொல்றது?"

நானும் அதையேதான் நினைத்திருந்தேன். தூக்கிவிட்டேன். எந்தக் குப்பிகள் என்று பார்க்கவில்லை. சாயங்காலம் சென்னை பஸ் பிடிக்க வேண்டும், முகுந்தன் ஸ்டாண்டில் காத்திருப்பான். அறிக்கையின் கடைசிப் பக்கத்தில் வழக்கமான வரி: "மாதிரிகள் அனைத்தும் ஆய்வாளரின் முன்னிலையில் எடுக்கப்பட்டன." எல்லா அறிக்கையிலும் இருக்கிற வரிதான். கையெழுத்துப் போட்டேன். மீன்வழி தேவையில்லை என்று குழுவுக்குப் போய்விட்டது.

இந்த முறையோடு போதும் என்று நானும் முகுந்தனும் வாயால் சொல்லிக்கொள்ளவில்லை.

டிசம்பர் 6, வெள்ளி

இல்லை.

டிசம்பர் 8, ஞாயிறு

சிவரஞ்சனிக்கு வளைகாப்பு. போகவேண்டாம் என்றுதான் இருந்தேன். அஞ்சலாட்சி மூன்று முறை போன் பண்ணிவிட்டாள். சரி, தலையைக் காட்டிவிட்டு வந்துவிடலாம் என்று போனேன். நேற்று நல்ல தூக்கம் இல்லை, அதையும் எழுதிவைக்கிறேன்.

மண்டபத்தில் அஞ்சலாட்சி பச்சைப் பட்டில் நின்றாள். என்னைக் கண்டதும் ஓடிவந்து கையைப் பிடித்து, எல்லோருக்கும் முன்னால் என் கையில் இரண்டு கண்ணாடி வளையல் மாட்டிவிட்டாள். "அடுத்தது ஒங்களுக்குத்தான் டாக்டரம்மா" என்றாள். நான் சிரித்தேன் என்றுதான் நினைக்கிறேன்.

சாப்பிடும்போது சம்பந்தி அம்மாள் பக்கத்தில் உட்கார்ந்து மீன் பெருமை பேசினார்.

"ஆவணியில சம்பந்தி உல்லம் கொண்டாந்தாங்களே, அடேயப்பா! தலையிலேருந்து வாலு வரைக்கும் ஒரு துடுப்புகூட ஒடையாம, அப்புடி ஒரு லட்சணம். எங்க தெருவே பார்த்துச்சு."

எனக்குக் கை அப்படியே நின்றது. ஒரு துடுப்புகூட ஒடையாமலா? விழுகிற ஒவ்வொரு உல்லத்திலும் வால் வெட்டச் சொல்லியிருந்தேனே! அஞ்சலாட்சியைக் கூப்பிட்டுக் கேட்டேன்.

"ஐயோ, ஆத்து மீன்ல கத்தி வைப்பனா?" என்றாள், நான் ஏதோ கேட்கக்கூடாததைக் கேட்டதுபோல. "தலைச்சூல்காரிக்குப் போற மீனு டாக்டரம்மா. மொத்த ஆத்து உல்லமும் அந்த மாதிரி வீட்டுக்குத்தான் போவும், எங்கள்ட்ட கேட்டு வாங்கிட்டுப் போவாங்க. வாலு வெட்டுன மூளி மீனை எப்புடிக் குடுக்குறது? புள்ளைக்கு ஆகுமா? நீங்க மொதநாளு வெட்டுனீங்களே, அந்த மூணையும் சூல்காரி யாருக்கும் குடுக்க மனசு வரல, பக்கத்து வீட்டுல ஆக்கித் தின்னுட்டாங்க."

"அப்ப குப்பியில இருந்தது?"

"மார்க்கெட்டுக்குக் காக்கிநாடா லாரி வருமே, ஐஸ் பொட்டியில. அதுல வர்ற உல்லத்துல வெட்டுனேன். நல்ல மீனாப் பாத்துத்தான் எடுத்தேன், அழுகலு ஒண்ணுகூட இல்ல. உல்லம்னா உல்லம்தானே?"

பெருமையாகச் சொன்னாள். அவ்வளவு பேர் கேட்க.

காக்கிநாடா. கோதாவரி மீனை நான் கோதாவரி மீனோடு ஒப்பிட்டுவிட்டு ஒன்றுதான் என்று எழுதியிருக்கிறேன்! இலையைவிட்டு எழுந்துவிட்டேன். "ஏமாத்திட்டீங்களே! உங்களை நம்பிக் குடுத்தேன் பாருங்க, என் புத்தியைச் சொல்லணும்! இப்படிப் பொய் சொல்லி என் வேலையையே நாசம் பண்ணிட்டீங்க!" இன்னும் என்னென்னவோ கத்தினேன். மேளக்காரர் வாசிப்பை நிறுத்திவிட்டார். சம்பந்தி வீட்டார் எல்லாரும் அஞ்சலாட்சியைப் பார்த்தார்கள். சிவரஞ்சனி மணையில் கை நிறைய வளையலோடு அழ ஆரம்பித்தாள்.

அஞ்சலாட்சி மகளிடம் போய் முந்தானையால் அவள் கண்ணைத் துடைத்தாள்.

வளையல் மாட்டியதற்கும் நான் கத்தியதற்கும் சம்பந்தமில்லை. வேறு யாராக இருந்தாலும் கத்தியிருப்பார்கள்.

டிசம்பர் 9, திங்கள்

நிலையத்துக்குப் போனதும் தூக்கிப் போட்ட மூன்று புள்ளிகளைத் தேடிப் பார்த்தேன். குப்பி எண் ஒன்று, இரண்டு, மூன்று. என் கையெழுத்து.

நானே வெட்டியவை. ஆற்று மீன் அந்த மூன்றுதான். அந்த மூன்றும்தான் தனியாக நின்றன, கோதாவரிக்கும் சேராமல் ஹூக்ளிக்கும் சேராமல். இருந்ததை நானே பார்த்தேன், நானே அழித்தேன்.

பிறகு ஒன்று ஞாபகம் வந்து வாட்ச்மேனிடம் ஓடினேன். செப்டம்பரில் கொடுத்த மீனில் ஏதாவது மிச்சம் இருக்கிறதா, முள், செதில், ஏதாவது?

"அது தின்னு மூணு மாசம் ஆச்சே மேடம். முள்ளைப் பூனை தின்னுடுச்சு." கொஞ்சம் யோசித்துவிட்டு, "ஏன் மேடம், வெஷமா?" என்றார்.

இல்லை என்று சொல்லிவிட்டு வந்தேன். நான்காவது மீன் அது. துடுப்பு வெட்டாமல், முழுசாக, என் கையிலேயே கொண்டுவந்து வைத்தாள்.

டிசம்பர் 10, செவ்வாய்

தேவசகாயம் சார் கதவைச் சாத்தச் சொல்லிவிட்டுக் கேட்டார். நான் சொல்லி முடிக்கும்வரை பேனா மூடியைத் திறந்து திறந்து மூடினார். கெட்ட மனிதர் இல்லை. ஓய்வுபெற இன்னும் ஒரு வருஷம்தான் இருக்கிறது அவருக்கு.

"அறிக்கையைத் திரும்ப வாங்கணும்னா காரணம் சொல்லணும். உதவிக்கு வந்த அம்மா நம்மள ஏமாத்திட்டாங்கனு ஒரு வரி எழுதுங்க. நிலையத்துக்கும் பேர் கெடாது, உங்களுக்கும் கெடாது."

"முன்னிலையில எடுத்தேன்னு நான் கையெழுத்துப் போட்டிருக்கேனே சார்."

"அதையும் அந்த அம்மா தலையிலதான் போடணும். அவங்களுக்கு என்ன ஆகப்போகுது? மீன் விக்கிறவங்க, வித்துக்கிட்டு இருப்பாங்க."

டிசம்பர் 13, வெள்ளி

எழுத உட்கார்ந்தேன். "ஆத்துவாய்க்குப்பத்தைச் சேர்ந்த அஞ்சலாட்சி என்பவர் வேண்டுமென்றே" என்பதுவரை வந்தது. அதற்குமேல் நகரவில்லை.

வேண்டுமென்று செய்கிறவள் மண்டபம் முழுக்கக் கேட்கிற மாதிரி பெருமையாகச் சொல்வாளா? எதற்கு, எதற்கு என்று இரண்டு தடவை கேட்டாள். புரியாது என்றேன். ஆற்று மீன்தான் வேண்டும், லாரி மீன் ஆகாது என்று ஒரே ஒரு வார்த்தை நான் சொல்லியிருந்தால் அவள் முடியாது என்று சொல்லியிருப்பாள். நான் வேறு வழி பார்த்திருப்பேன். வாலை வெட்டாமல் ஒரு செதிலை எடுத்தாலும் போதும், செதிலிலும் மரபணு இருக்கிறது. ஒரு செதில்! அதனால் மீன் மூளியாகியிருக்காது.

போன் பண்ணினேன். எடுக்கவில்லை.

டிசம்பர் 19, வியாழன்

கடிதம் அனுப்பிவிட்டேன். முதல் மூன்று மாதிரி தவிர மற்றவை என் முன்னிலையில் எடுக்கப்படவில்லை. அவை ஆற்று மீன் இல்லை. எப்படி எடுக்க வேண்டும், ஏன் எடுக்க வேண்டும் என்று உதவியாளருக்கு விளக்கத் தவறியது நான். மூன்று மாதிரிகளும் தனிக் கூட்டம் என்றே காட்டுகின்றன. அடுத்த ஆடியில் திரும்ப எடுக்கும்வரை மீன்வழி பற்றி முடிவு செய்யவேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

சார் படித்துவிட்டு, "அவசரப்படுறீங்க ஹேமலதா" என்றார். மேலொப்பம் போட்டார். அதற்கு அவருக்கு நன்றி சொல்லியிருக்க வேண்டும், மறந்துவிட்டேன்.

ஜனவரி 16, வியாழன். காணும் பொங்கல்

காலையில் எழுந்து குளித்து, கரும்பும் பழமும் வாங்கிக்கொண்டு ஆத்துவாய்க்குப்பம் போனேன். வாசலில் நின்று "அக்கா" என்று கூப்பிட்டேன். இத்தனை நாளும் ஏம்மா, வாம்மா என்றுதான் கூப்பிட்டிருக்கிறேன், நிற்கும்போதுதான் அது உறைத்தது.

அஞ்சலாட்சியக்கா வெளியே வந்தார். உட்காரச் சொல்லவில்லை.

"மன்னிச்சிடுங்கக்கா. அன்னிக்கு நான் பேசினது தப்பு."

"சபையில வச்சுப் பேசிட்டீங்க டாக்டரம்மா" என்றார். "ரெண்டு பேரு தனியா இருக்கப்ப செருப்பால அடிச்சிருந்தாக்கூட வாங்கிட்டுப் போயிருப்பேன். சம்பந்தி வீட்டுல இன்னமும் எம்பொண்ண, பொய்க்காரி மகளேங்கிறாங்க. வெளையாட்டுக்குத்தான் சொல்றாங்களாம்."

அங்கேயே நின்று அழுதேன். வெட்கம்கூட இல்லை. அக்கா உள்ளே போய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார், பாயையும் போட்டார். அப்புறம்தான் ஆகஸ்டில் சொல்லியிருக்கவேண்டியதை உட்கார்ந்து சொன்னேன். ஒவ்வொரு ஆற்று உல்லமும் தான் பிறந்த தண்ணீருக்கே திரும்பும் என்று நினைக்கிறோம், அதனால் ஆற்றுக்கு ஆறு ரத்தம் வேறாகிவிடும், அதைத் துடுப்பில் படிக்கலாம் என்றேன்.

அக்கா குறுக்கே கேட்டார். "அங்கயும் உல்லம், இங்கயும் உல்லம். ஒரே சாதிதானே?"

"ஒரே சாதிதான்."

"ஆனா பொண்ணு குடுத்துப் பொண்ணு எடுக்கல?"

"இல்ல. ரொம்ப ரொம்ப காலமா."

"அப்ப பங்காளியும் இல்ல, சம்பந்தியும் இல்ல. வேற ஆளுவோதான்." இவ்வளவு சுருக்கமாக நான் அறிக்கையில் எழுதியதில்லை. அக்கா சட்டென்று நிமிர்ந்தார். "அந்த அணையில வழி விடலன்னா?"

"இங்க உள்ளது அத்தோட முடிஞ்சிடும். வடக்கேருந்து கொண்டாந்து விட்டாலும் அது வேற ஆளுங்கதான்."

நெற்றியில் கையை வைத்துக்கொண்டார். "அடிப்பாவி, நானே எங்க மீனைக் காட்டிக்குடுத்துட்டனா?"

"நீங்க இல்லக்கா. நான்."

"ஏன் டாக்டரம்மா, இத அன்னிக்கே சொல்லியிருந்தா ஆவாதா?"

வேறு என்னத்தைச் சொல்ல, அவர் கொடுத்த மீனை வாட்ச்மேனுக்குக் கொடுத்ததையும் சொன்னேன். அதற்குத்தான் நிஜமாகவே கோபப்பட்டார். "நீங்க தின்னுருக்கணும், நீங்க தின்னுருக்கணும்" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். கிளம்பும்போதும் சொன்னார்.

சிவரஞ்சனியின் மாமியார் வீட்டுக்கும் போய், நாலு பேர் இருக்கும்போதே, தப்பு என்னுடையது என்று சொல்லிவிட்டு வந்தேன். காபி கொடுத்தார்கள். நம்பினார்களா என்று தெரியவில்லை.

ஜனவரி 27, திங்கள்

குழுவிடமிருந்து பதில். மூன்று மாதிரிகள் போதுமானவை அல்ல. ஆய்வாளரின் முந்தைய உறுதிமொழி நம்பத்தக்கதாக இல்லாத நிலையில் இப்போதைய கடிதத்தையும் ஏற்பதற்கில்லை. வரைபடம் மாறாது. பணி தொடங்கும்.

பொய் சொன்னபோது ஏற்றுக்கொண்டார்கள். அவர்களைக் குறை சொல்லவும் முடியவில்லை.

என்னை இறால் நோய்ப் பிரிவுக்கு மாற்றியிருக்கிறார்கள்.

பிப்ரவரி 19, புதன்

சிவரஞ்சனிக்குப் பெண் குழந்தை. அக்கா போனில் சொன்னார். இந்த முறையும் கத்தித்தான் சொன்னார். சந்தோஷமாக இருந்தது, உண்மையாகவே. அப்புறம் கொஞ்ச நேரம் மாடியில் போய் உட்கார்ந்திருந்தேன்.

மே 5, திங்கள்

இறால். இறால். இறால்.

ஜூலை 13, ஞாயிறு

முகுந்தன் வந்திருந்தான். அணை கட்டுகிற இடத்தைக் காட்டக் கூட்டிப்போனேன். ஆற்றுக்குக் குறுக்கே தூண்கள் வரிசையாக எழும்பிவிட்டன. கதவுதான் பாக்கி. இந்த வெள்ளம் வடிந்ததும் மாட்டிவிடுவார்களாம். "அழகாத்தான் கட்டியிருக்காங்க" என்றான். அப்பா இருந்திருந்தால் அவரும் அதையே சொல்லியிருப்பார். மீன் ஏற எங்கே வழி வைத்திருக்கலாம் என்று இடக்கரையில் ஒரு இடத்தைக் காட்டினேன். அதிக இடம்கூட வேண்டாம்.

"இன்னொரு தடவை டாக்டரைப் பார்க்கலாமா ஹேமா?" என்று கேட்டான். ஆற்றைப் பார்த்துக்கொண்டேதான் கேட்டான். யோசிக்கலாம் என்றேன்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு. ஆடிப்பெருக்கு

லீவில் போனேன். இது நிலையத்து வேலை இல்லை. குப்பிகள் என் காசு, ஸ்பிரிட்டும் என் காசு. முடிவு கையில் வருவதற்குள் கதவு மாட்டிவிடுவார்கள். தெரிந்துதான் போனேன். மரபணு சொல்வதை யாராவது ஒருநாள் கேட்பார்கள், அப்போது மீன் இல்லாவிட்டாலும் இப்படி ஒரு கூட்டம் இருந்தது என்று தெரியட்டும்.

அஞ்சலாட்சியக்கா பேத்தியை இடுப்பில் வைத்துக்கொண்டு கரையில் நின்றார். வலை நாலு முறை வந்தது, ஒன்றும் இல்லை. தூண் வேலைக்கு மண் கொட்டியதில் தண்ணீர் கலங்கலாக ஓடியது. ஐந்தாவது வலையில் ஒரே ஒரு உல்லம். சினை மீன்.

செதில் எடுக்கலாம் என்று இடுக்கியை எடுத்தேன்.

"செதிலுல சரியா வருமா?"

"வரும்க்கா. துடுப்புன்னா இன்னும் நல்லா வரும், ஆனா பரவாயில்ல."

குழந்தையை என் கையில் கொடுத்துவிட்டுக் கத்தரிக்கோலை வாங்கிக்கொண்டார். மீனை மடியில் வைத்து, வாலின் ஓரத்தில், நான் போன வருஷம் சொல்லிக்கொடுத்த அதே அளவுக்கு வெட்டினார். இந்த முறை முகத்தைத் திருப்பவில்லை. கண் மட்டும் கலங்கியிருந்தது.

"மூளியாப் போச்சேக்கா."

"போவட்டும். இது யாருன்னு எழுதி வையிங்க." கத்தரியைத் துடைத்தார், மூடியை இறுக்கினார். மீனை வாழை இலையில் சுற்றி என் பையில் வைத்தார். "சினையோட ஆக்கித் தின்னுங்க. வாட்ச்மேனுக்குக் குடுத்தீங்கன்னு தெரிஞ்சுது, ஊருக்குள்ள விடமாட்டேன்."

குழந்தை என் சட்டைப் பொத்தானைப் பிடித்து இழுத்துக்கொண்டே இருந்தது. ஒரு கையால் அவளை அணைத்துக்கொண்டு மறுகையால் குப்பியின்மேல் எழுதினேன். உல்லம், பெண், சினை. கொள்ளிடம். அஞ்சலாட்சி எடுத்தது, என் முன்னிலையில்.